எதிர் பண்பலை பாட்டை மாற்றினால் சமுதாய வானொலி என்ன செய்யலாம்?

கோவையில் 98.3, 106.4 போன்ற வணிகப் பண்பலைகள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன. ஊர் மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தும் சமுதாய வானொலிக்கு வழக்கமான அனுமதி 100 வாட்தான். சமவெளியில் 10, 15 கிலோமீட்டர் எட்டினால் நல்லது. எதிர் நிலையம் காலை நேரத்தைப் பழைய பாட்டுக்கு மாற்றிவிட்டது என்று நாமும் பாட்டைக் கூட்டினால் தோற்றுத்தான் போவோம். மாற்ற வேண்டியது நிகழ்ச்சி நிரலை.

முதலில் ஒரு வாரம் காலை 5 முதல் 9 வரை அவர்கள் ஒலிபரப்பைப் பதிவு செய்து, பாட்டு, பேச்சு, விளம்பரம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். தொடர்ந்து விளம்பரம் ஓடும்போதுதான் ஆள் ஸ்டேஷன் மாற்றுவார். நம் சந்தை நிலவரம் அந்த நிமிடத்தில் தொடங்கட்டும்.

பிறகு ஊரின் வேலை நேரத்தைப் பாருங்கள். விடியலில் கட்டுத்தரையில் பால் கறக்கிறவருக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். பேச்சு எடுபடும் நேரம் அது. அப்போது இவற்றைச் சொல்லுங்கள். ஈரோடு மஞ்சளில் விரலி, கிழங்கு இரண்டுக்கும் குவிண்டால் விலை குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு. பெருந்துறை கொப்பரை, சத்தியமங்கலம் பூ கிலோ என்ன விலை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் முறை யாருக்கு. தினமும் இதே வரிசையில் 3 நிமிடத்தில் முடியுங்கள். வரிசை மாறினால் தன் சரக்கு விலைக்குக் காத்திருப்பவர் தவறவிடுவார். பல்லடம், சோமனூர் தறிக்குடோன்களில் கணக்கே வேறு. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, பாட்டுத்தான் நிற்கும். அவர்கள் ஷிப்ட் நேரத்துக்குப் பாட்டை ஒதுக்குங்கள்.

உள்ளூர்ச் செய்தி வாசித்து முந்தலாம் என்ற ஆசை வேண்டாம். சொந்தச் செய்திக்கு அனுமதி கிடையாது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம். விலை, வானிலை, அறிவிப்புகளுக்குத் தடையில்லை. விளம்பரம் 2024 முதல் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம் என்றாலும், போட்டி நேரத்தில் 4 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரம் முன்பே அறிவித்து, மாற்றியபின் ஆறு வாரம் கைவைக்காமல் விடுங்கள். ஜிங்கிளும் காலைக் குரலும் பழையதே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டினால், வேறு ஸ்டேஷன் வைத்துவிட்டோமோ என்று ஆள் திருகிவிடுவார்.

‘உங்க ரேடியோ சத்தம் கம்மிங்க’ என்று புகார் வந்தால் டிரான்ஸ்மிட்டர் பவரைத் தொடாதீர்கள். அதனால் சத்தம் அதிகமாகாது, உரிமம்தான் சிக்கலாகும். வணிக நிலையங்கள் ஒலியைக் கம்ப்ரஸ் செய்து, அதாவது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து அனுப்புவதால்தான் அந்த வித்தியாசம். கம்ப்ரஸரும், ஒலி உச்சத்தைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரும் போட்டு, டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் பாருங்கள். ‘ச’, ‘ஸ’ சீறினால் மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அறிவிப்பாளர் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். சினிமாவில் வரும் கொங்குத் தமிழை இழுத்தால் ஊர்க்காரருக்கே எரிச்சல் வரும்.

பலன் பார்க்க ‘எங்க நிலையம் கேக்கறீங்களா?’ என்று கேட்காதீர்கள். முகத்துக்காக ஆமாங்க என்பார்கள். டீக்கடை, தறிக்குடோன், பால் சொசைட்டி என்று 20 இடம் நீங்கள் மாற்றிய அதே நேரத்தில் போய், எது ஓடுகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள்.