பதின்ம வயதினரைச் சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுக்கப் பழக்குவது எப்படி?

பினாங்கில் கோயில் இளைஞர் பகுதிகளும் தமிழ் மன்றங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணியை நடத்துகின்றன. பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்குகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதிய உணவு முடித்து வீடு திரும்புகிறார்கள். அது நல்ல பணிதான். ஆனால் அடுத்த மாதமே அதே லோங்காங்கில் (வடிகாலில்) அதே குப்பை வந்து தேங்கும்போது யாரிடம் போய் என்ன கேட்பது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை. பொறுப்பில் இருப்பவரைக் கண்டறிந்து, சான்றுகளை முன்வைத்து, குறிப்பான ஒரு மாற்றத்தைக் கேட்டு, பதில் கிடைக்கும் வரை விடாமல் தொடர்வதே சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுப்பது. இதைப் பதிமூன்று வயதிலிருந்தே பழக்க முடியும். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் வட்டாரங்களில் இளையோர் குழுக்களை வழிநடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

குழு சிறியதாக இருக்கட்டும். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் இருவர் வேலை செய்ய எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 முதல் படிவம் 4 வரையிலான மாணவர்களே இதற்கு ஏற்றவர்கள். எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் படிவம் 5 மாணவர்களை ஆலோசனை சொல்பவர்களாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அவர்கள் தோளில் சுமையை ஏற்றக் கூடாது.

பிள்ளைகளைச் சந்திப்பதற்கு முன்பு பெற்றோரைச் சந்தியுங்கள். "இது அரசியல் ஆகிவிடுமா, போலீஸ் வழக்கு வருமா?" என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்காமல் நேராகப் பதில் சொல்ல வேண்டும். உள்ளாட்சிக்குக் கடிதம் எழுதுவதும், சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பதும், பொதுமக்கள் கருத்துக் கேட்பில் கருத்தை எழுதிக் கொடுப்பதும் எவரும் செய்யக்கூடியவை என்பதை விளக்குங்கள். பேரணி மட்டும் வேறு வகை. 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் 21 வயது நிறையாதவர் பேரணிக்கு ஏற்பாட்டாளராக இருப்பதை அனுமதிப்பதில்லை. 15 வயதுக்குக் குறைந்தவர்கள் சமய, பண்பாட்டு நிகழ்வுகள் போன்ற சில வகைக் கூட்டங்களில் மட்டுமே பங்கெடுக்கலாம் என்றும் சொல்கிறது. எனவே உங்கள் திட்டத்தில் பேரணி இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்துக்கொள்வது?

முதல் ஆண்டில் பருவநிலை மாற்றத்தை எடுக்காதீர்கள். அது முக்கியமற்றது என்பதால் இதைச் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை ஆறு மாதம் உழைத்த பிறகு கண்ணால் காணக்கூடிய ஒரு விளைவு வேண்டும். அது கிடைக்காவிட்டால், பேசிப் பயனில்லை என்ற பாடத்தைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே நடந்து போகும் தொலைவில் உள்ளதாகவும், பொறுப்பாளர் யார் என்று கண்டறியக்கூடியதாகவும், சில மாதங்களில் மாறக்கூடியதாகவும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்ததும் பொரித்த எண்ணெயைக் கொட்டும் வடிகால், தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்குப்) பின்னால் வாரந்தோறும் நடக்கும் திறந்தவெளி எரிப்பு, மழை வந்தால் பொங்கும் ஒரு சாக்கடை வாய் ஆகியவற்றில் ஒன்றே போதும். தேர்வைப் பிள்ளைகளே செய்யட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது உங்கள் வேலையாகவே இருந்துவிடும்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு மரபு உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து மீன்வளம் குன்றியபோது, குவாலா ஜூரு மீனவர்கள் தங்கள் முறையீட்டை வெளியே கொண்டுவந்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. 1977இல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு இதே பினாங்கில் தொடங்கப்பட்டது. இவ்விரண்டு அமைப்புகளையும் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறைந்தார். பிறையில் வளரும் ஒரு பிள்ளைக்கு, தன் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஓடும் ஆற்றுக்காக மீனவர்கள் பேசிய வரலாறு தெரியாமல் இருப்பது நம் குறை.

பார்த்ததைப் பதிவு செய்தல்

பயிற்சியின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பேச்சுத் திறனில் நம் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தமிழ்ப்பள்ளி மேடைகளில் பேசிப் பழகியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாதது, சலிக்காமல் ஒரே இடத்தை ஒரே முறையில் கவனித்து எழுதுவதுதான்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். நாள், மணி, முந்தைய 24 மணி நேரத்தில் மழை பெய்ததா என்பது, நீரின் நிறம், மணம், நுரை, மிதக்கும் பொருள், கண்ணில் பட்ட உயிர்கள் ஆகிய அனைத்தும் குறிப்பில் இருக்க வேண்டும். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றவற்றமும் தெரியும் என்பதால் அதையும் குறிக்க வேண்டும். ஏற்றத்தின்போது எடுத்த தெளிந்த நீரின் படத்தையும் வற்றத்தின்போது எடுத்த கறுத்த நீரின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஒரே வாரத்தில் ஆறு கெட்டுவிட்டது" என்று சொன்னால், விவரமறிந்த அதிகாரி அந்த ஒரு வரியிலேயே முழு அறிக்கையையும் மூடிவைத்துவிடுவார்.

மலேசியாவில் ஆற்றுநீரின் தரக் குறியீடு ஆறு அளவீடுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது: நீரில் கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள், கார அமிலத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு. 81 முதல் 100 வரை கிடைத்தால் தூய ஆறு, 60 முதல் 80 வரை சற்றே மாசுற்றது, அதற்குக் கீழே மாசுற்றது. இவற்றுள் பிஎச், அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டிகளைக் கொண்டே பிள்ளைகள் ஓரளவு அளக்கலாம். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கண்டறிய நீரை ஐந்து நாள் ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும். வேதி ஆக்சிஜன் தேவைக்குக் கடுமையான அமிலங்கள் வேண்டும். இவ்விரண்டும் பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடியவை அல்ல. ஆகவே தங்கள் அளவீட்டை வைத்து "இந்த ஆற்றின் தரக் குறியீடு இவ்வளவு" என்று எழுத அவர்களை அனுமதிக்காதீர்கள். "நாங்கள் சோதித்த நாள்களில் அம்மோனியா இந்த அளவில் இருந்தது, முறையான ஆய்வை உங்கள் துறை செய்ய வேண்டும்" என்று எழுதுவதே நேர்மையானது, வலிமையானதும்கூட.

எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் கற்றுக்கொடுங்கள். நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய 30 பாகை செல்சியசில், நன்னீர் ஒரு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்கே ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். இரவில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை உண்டாக்காமல் சுவாசிக்க மட்டும் செய்வதால் விடியற்காலையில் அது மேலும் குறையும், நண்பகலில் ஏறும். ஒருநாள் காலையிலும் மறுநாள் மதியத்திலும் அளந்து ஒப்பிட்டால் கிடைப்பது பொய்க் கணக்கு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று யாரும் கண்டித்துச் சொல்ல வேண்டியிராது.

பாதுகாப்பில் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீரருகே போகும்போது பெரியவர்கள் இருவர் உடன் இருக்க வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் வடிகால்களில் உள்ள உண்மையான ஆபத்து என்பதால் கையுறையும் ரப்பர் காலணியும் கட்டாயம். காலில் புண் உள்ள பிள்ளை அன்று கரையில் நின்று குறிப்பெழுதட்டும். தொழிற்சாலை வளாகத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. மூக்கைத் துளைக்கும் வேதி நெடி வந்தால் மாதிரி எடுக்க முயலாமல் உடனே விலகி, 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டபோது 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தாமானுக்குள் ஓடும் வடிகாலும் உணவுக்கடைகளின் எண்ணெய்ப் பொறியும் (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி) உரிமமும் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. ஆறுகளுக்கு ஜே.பி.எஸ். எனப்படும் வடிகால் நீர்ப்பாசனத் துறை. தொழிற்சாலைக் கழிவுநீரும் திறந்தவெளி எரிப்பும் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் சுற்றுச்சூழல் துறையிடம் போகும். கழிவறை நீர் சுத்திகரிப்பு பெரும்பாலும் இண்டா வாட்டர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மாதக்கணக்கில் அலையும்; ஆகவே இந்தப் பகுப்பைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருக்கட்டும்.

கடிதம் மலாயில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆனால் கருத்தை முதலில் தமிழில் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டு மொழியில் வாதாடித் தெளிந்த செய்தி எந்த மொழியிலும் தெளிவாகவே வரும். என்ன பார்த்தோம், எத்தனை முறை பார்த்தோம், என்ன கேட்கிறோம் என்னும் மூன்றும் அதில் இருந்தால் போதும். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். "சுற்றுச்சூழலைப் பாதுகாக்க நடவடிக்கை எடுங்கள்" என்பதற்கு யாரும் எளிதாகத் தலையாட்டிவிடலாம். "இந்தக் கடைவரிசையின் எண்ணெய்ப் பொறிகளைச் சோதித்து, முடிவை எங்களுக்குத் தெரிவியுங்கள்" என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

பார்க்காததை எழுதக் கூடாது என்பதை ஒரு பயிற்சியாகவே நடத்துங்கள். "குழாய் வாயில் வெள்ளை நுரை இருந்தது" என்பது பார்த்தது; "இந்தத் தொழிற்சாலை நஞ்சைக் கலக்கிறது" என்பது ஊகம். இரண்டாவது வாக்கியம் ஒரு பெயரைச் சொல்லி வெளியே போனால் அவதூறு வழக்குக்கு இடம் தரும். முகநூலிலும் புலனத்திலும் பகிர்வதற்கும் இதே விதிதான். பிள்ளைகளின் முகம், வீட்டு முகவரி, பள்ளிச் சீருடை எதுவும் படங்களில் தெரியக் கூடாது.

கடிதத்தைக் கொடுத்ததும் குறிப்பெண்ணைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்கலாம்; மேலும் தாமதமானால் நகலுடன் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குச் செல்லலாம். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. இன்று படிவம் 4 படிக்கும் பிள்ளை அடுத்த தேர்தலில் வாக்காளராகக்கூடும் என்பது அந்த மையத்தில் உள்ளவர்களுக்கும் தெரியும்.

சந்திப்புக்கு முன் ஒத்திகை பாருங்கள். ஒரு பிள்ளை அதிகாரியாக உட்கார்ந்து, "இது எங்கள் துறை அல்ல", "ஒதுக்கீடு இல்லை", "நீங்கள் படிப்பைக் கவனியுங்கள்" என்று வரிசையாகச் சொல்லட்டும். எதிரே இருப்பவர் குரலை உயர்த்தாமல், "அப்படியானால் எந்தத் துறை என்று சொல்லுங்கள், ஐயா, பெயரை எழுதிக்கொள்கிறோம்" என்று பதில் சொல்லப் பழக வேண்டும். உண்மையான சந்திப்பில் பிள்ளைதான் பேச வேண்டும். "யாங் பெர்ஹோர்மாட்" (மாண்புமிகு) என்று விளிப்பதிலிருந்து நன்றி சொல்வது வரை எல்லாம் அவர்களுடையது. உடன் போகும் பெரியவர் வாய் திறக்காமல் இருப்பது கடினம். ஆயினும் இருந்தே ஆக வேண்டும்.

நம்மவரிடம் பேசுவது

மாநகர் மன்றத்தை விட நம் சொந்தப் பெரியவர்களிடம் பேசுவதே இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். அதனால்தான் இது பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தைப்பூசத்தின்போது பினாங்கின் தண்ணீர்ப் பந்தல்களில் ஒருமுறை மட்டும் பயன்படும் குவளைகளும் தட்டுகளும் குவிகின்றன. இரதம் செல்லும் வழியில் மலைபோலத் தேங்காய் உடைபடுகிறது. நம் வீட்டுக் குப்பையைப் பற்றி வாய் திறக்காமல் தொழிற்சாலையை மட்டும் கேள்வி கேட்கும் குழுவை யாரும் நம்ப மாட்டார்கள்.

பந்தல் போடுபவர்களை விழா நாளில் அணுகக் கூடாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, கூட்டம் போட்டுச் செலவைக் கணக்கிடும் நேரத்தில் போக வேண்டும். குறை சொல்லித் தொடங்காமல், சென்ற ஆண்டு எத்தனை குவளைகள் வாங்கினார்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டறியட்டும். பிறகு மாற்று வழியைத் தங்கள் உழைப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்: "ஐயா, எவர்சில்வர் குவளைகள் வைத்தால் கழுவும் வேலையை நாங்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பிள்ளைகளை மறுப்பது பெரியவர்களுக்கு எளிதல்ல. தேங்காய் வழிபாட்டோடு இணைந்தது. அதில் எண்ணிக்கையைக் குறைக்கும்படி கேட்கலாம், உடைத்த தேங்காயை அன்றே அள்ளிப் பயன்படுத்த வழி தேடலாம். நேர்த்திக்கடனைப் பழித்துப் பேசும் சொல் ஒன்றுகூட வரக் கூடாது.

பெரிய திட்டங்களைப் பற்றி

ஓராண்டு இப்படிப் பழகிய பிறகு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் படிக்க முயலலாம். பெரிய திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்படும்போது, அதன் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி அது சொல்வது சரியா என்று பிள்ளைகள் சரிபார்க்கட்டும். கடலை நிரப்பி மூன்று தீவுகளை உருவாக்கத் திட்டமிட்ட பினாங்குத் தென்கடல் மீட்புத் திட்டம் இதற்குச் சிறந்த பாடம். அதன் மதிப்பீட்டு அறிக்கைக்கு 2019இல் கிடைத்த ஒப்புதலை எதிர்த்து மீனவர்கள் முறையிட்டனர். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. பின்னர் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. 2023இல் அந்த மூன்று தீவுகளும் ஒரே தீவாகக் குறைக்கப்பட்டன. திட்டத்தை ஆதரிப்பவர் வாதத்தையும் எதிர்ப்பவர் வாதத்தையும் பிள்ளைகள் படித்துத் தாங்களே முடிவுக்கு வர வேண்டும். உங்கள் முடிவை அவர்கள் வாயில் வைக்காதீர்கள்.

ஓரளவு சான்று சேர்ந்ததும் தமிழ் நாளிதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதலாம், மின்னல் எஃப்எம் போன்ற வானொலிகளை அணுகலாம். அதிகாரிகள் நல்ல பதில் கொடுத்திருந்தால் அதையும் வெளியே சொல்லி நன்றி கூற வேண்டும்; அடுத்த கடிதத்துக்கு அது வழி திறக்கும்.

மூத்த பிள்ளைகள் படிவம் 5க்குப் போகும்போது நோட்டுப் புத்தகம், கடித நகல்கள், குறிப்பெண்கள், பேசிய அலுவலகங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, படிவம் 2 பிள்ளைகளிடம் நேரில் விளக்கி ஒப்படைக்கச் செய்யுங்கள். இன்னும் பதில் வராத கடிதங்களையும், அவை ஒவ்வொன்றுக்கும் அடுத்து எந்த நாளில் யார் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.