உள்ளாட்சி இடைத்தேர்தலில் வாக்களிப்பது எப்படி

உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, தகுதி இழந்தாலோ காலியாகும் இடத்தை நிரப்பவே இடைத்தேர்தல் நடத்தப்படுகிறது. காலியான வட்டத்தின் (வார்டின்) வாக்காளர்கள் மட்டுமே இதில் பங்கேற்க முடியும் என்பதால், உங்கள் முகவரி அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத்துத் தெருவே வேறு வட்டமாக இருக்கக்கூடும்.

அடுத்து, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுங்கள். அண்மையில் வீடு மாறியவர்களும் முதன்முறை வாக்களிப்பவர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாள் பெரும்பாலும் வாக்குப்பதிவுக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. தேர்தல் நடப்பதே பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. அஞ்சல் வாக்குக்கு அனுமதி உண்டெனில், அதற்கான விண்ணப்பத்தையும் உடனே அனுப்பிவிடுங்கள்.

சென்ற முறை வாக்களித்த இடத்துக்கே பழக்கத்தில் போய்விடாதீர்கள். செலவைக் குறைக்கச் சில வாக்குச்சாவடிகளை ஒன்றாக இணைப்பதுண்டு. ஏற்கப்படும் அடையாளச் சான்றை எடுத்துச் செல்லுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால், பொதுவாக வாக்களிக்க அனுமதிப்பார்கள். இத்தகைய தேர்தல்களில் வாக்குப்பதிவு பெரும்பாலும் குறைவு. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளே முடிவை மாற்றிவிடலாம் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.