வயதேறும் ஷிராஸைச் சுவைக்கக் கற்றல்: துவர்ப்பிலிருந்து தொடங்குவோம்

ஷிராஸ் என்னும் கருந்திராட்சையில் தயாராகும் அடர்த்தியான சிவப்பு ஒயினை முதன்முறையாகச் சுவைப்பவர்கள் பெரும்பாலும் வாசனையைத் தேடியே தவிக்கிறார்கள். பாட்டிலின் பின்புற லேபிளில் பிளம், மிளகு, சாக்லேட் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, அவற்றில் ஒன்றுகூடத் தம் மூக்குக்கு எட்டவில்லையே என்று மனம் சோர்ந்து கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எனக்கும் முதல் ஓராண்டு அப்படித்தான் கழிந்தது. பிறகுதான் ஷிராஸின் வயதை அறிய வாசனையைவிட நம்பகமான வழி துவர்ப்புதான் என்பது புரிந்தது. அறுசுவையில் துவர்ப்பையும் தனிச்சுவையாக எண்ணியே வளர்ந்தவர்கள் நாம். நெல்லிக்காயின் துவர்ப்பு வேறு, கொட்டைப்பாக்கின் துவர்ப்பு வேறு, நாவற்பழத்தின் துவர்ப்பு வேறு என்று நம் நாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாக்கையே துணையாகக் கொண்டு வயதேறும் ஷிராஸைப் புரிந்துகொள்ளும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ். அடிலெய்டில் வசிக்கும் எனக்கு அது ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். உலகின் மிகப் பழைய ஷிராஸ் கொடிகளில் சில அங்கே இன்னும் காய்க்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெயரைப் பார்த்து இந்தத் திராட்சை பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வதுண்டு. மரபணுச் சோதனையோ இது தென்கிழக்கு பிரான்சைச் சேர்ந்த தூரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற இரு திராட்சை வகைகளின் பிள்ளை என்று காட்டிவிட்டது. பிரான்சில் இதற்குச் சிரா என்று பெயர். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1832-இல் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. 1840-களில் சைலீசியாவிலிருந்து வந்து பரோசாவில் குடியேறிய லுத்தரன் கிறித்தவர்கள் இங்கே திராட்சைத் தோட்டங்கள் போட்டார்கள். ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த பிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி 1870-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வரை வந்தும் தெற்கு ஆஸ்திரேலியாவைத் தொடவில்லை. ஆகவே 1843-இல் நட்ட லாங்மெய்ல் தோட்டத்தின் ஷிராஸ் கொடிகள் சொந்த வேரிலேயே நின்று இன்றும் பலன் தருகின்றன. இவ்வளவு முதிய கொடிகள் குறைவாகவே காய்க்கும். ஆனால் சாறு செறிவாக இருக்கும். நீண்ட காலம் தாங்கும் ஒயினுக்கு அந்தச் செறிவு பெருந்துணை.

பொறுமைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கிரேஞ்ச் ஒயினின் வரலாற்றை. அடிலெய்டின் புறநகரான மெகிலில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளராக இருந்த மேக்ஸ் ஷூபர்ட், 1950-இல் ஐரோப்பா சென்றபோது பிரான்சின் போர்தோ பகுதியில் நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய ஒயின்கள் உயிரோட்டம் குன்றாமல் இருப்பதைச் சுவைத்து அறிந்தார். திரும்பி வந்ததும் 1951-இல், ஷிராஸைக் கொண்டு புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் முதல் கிரேஞ்சைச் சோதனையாகத் தயாரித்தார். இளம் பருவத்திலேயே அதைச் சுவைத்தவர்கள் கடுமையாகப் பழித்தார்கள். 1957-இல் தயாரிப்பையே நிறுத்தும்படி நிர்வாகம் உத்தரவிட்டது. ஷூபர்ட் 1957, 1958, 1959 ஆகிய மூன்று அறுவடைகளிலும் யாருக்கும் தெரியாமல் அதைத் தயாரித்துவந்தார். இதற்கிடையில் முதல் அறுவடைகளின் ஒயின் பாட்டிலுக்குள் முதிர்ந்து முரட்டுத்தன்மை அடங்கியிருந்தது. அதை மீண்டும் சுவைத்துப் பார்த்த நிர்வாகம் 1960-இல் தடையை நீக்கியது. பழித்ததும் அதே ஒயினை, பாராட்டியதும் அதே ஒயினை. இடையில் போனவை சில ஆண்டுகள் மட்டுமே.

முதல் படி: தேநீர்ப் பயிற்சி

ஒயின் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். சர்க்கரை சேர்க்காமல் கடுந்தேநீர் ஒரு குவளை போட்டு, ஐந்து நிமிடங்கள் ஊறவிட்டு, ஒரு மிடறு வாயில் வைத்து எல்லாப் பக்கமும் பரவவிடுங்கள். விழுங்கிய பின் ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இறுகுவதை உணர்வீர்கள். தேநீரில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலின் புரதத்தோடு பிணைந்து அதன் வழுவழுப்பைப் போக்கிவிடுவதால் ஏற்படும் உணர்வு இது. அடுத்து அதே தேநீரில் இரண்டு கரண்டி பால் விட்டுக் குடியுங்கள். டானின் இப்போது பாலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாயில் இறுக்கம் தளர்ந்திருக்கும்.

இரு குவளைகளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஷிராஸில் டானின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் பீப்பாயின் மரத்திலிருந்தும் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தனக்குள்ளும் சிவப்பு நிறமிகளோடும் பிணைகிறது. அவ்வாறு பிணைந்தவற்றில் ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. பால் ஒரு நொடியில் செய்வதற்கு ஒப்பான தளர்வை, காலம் வேறு வழியில் பத்து ஆண்டுகளில் செய்கிறது.

இரண்டாம் படி: வாங்குவதும் வைப்பதும்

ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஷிராஸை மூன்று வயதுகளில் வாங்குவது மிகச் சிறந்தது: இரண்டு அல்லது மூன்று ஆண்டு, ஏழெட்டு ஆண்டு, பதினைந்து ஆண்டை ஒட்டியது. பழைய அறுவடைகளைச் சேமித்து வைத்து விற்கும் தயாரிப்பாளர்கள் பரோசாவில் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் கிடைக்கும் பாடம், ஒவ்வொன்றாகச் சுவைப்பதில் கிடைப்பதில்லை. நண்பர்கள் நால்வர் பணத்தைப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். அது இயலாதென்றால் இளம் ஷிராஸை ஆறு பாட்டில் வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்துகொண்டே போகலாம். எல்லா ஷிராஸும் முதிர்ச்சிக்கு உகந்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலிவு விலை ஒயின்களில் பெரும்பாலானவை வாங்கிய சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன.

வைக்கும் இடம் இருட்டாகவும் அதிர்வின்றியும், ஏறத்தாழ 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பம் மாறாமல் நிலைத்தும் இருக்க வேண்டும். கார்க் மூடிய பாட்டிலைப் படுக்கவைத்தால்தான் கார்க் ஈரமாகவே இருக்கும். திருகு மூடி உள்ளதை எப்படி வைத்தாலும் குறையில்லை. நான் அடிலெய்டுக்கு வந்த புதிதில் நல்ல பாட்டில்கள் நான்கைக் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு கோடை முழுவதும் வைத்திருந்தேன். வெளியே 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில் உள்ளே எவ்வளவு ஏறியிருக்குமோ, பின்னர் எடுத்துப் பார்த்தபோது இரண்டு பாட்டில்களில் கார்க் மேலே எழும்பி, மூடியின் ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்திருந்தது. திறந்தால் பழத்தின் மணமே இல்லை. அடுப்பில் அதிகம் கொதித்த ஜாமின் வாடைதான் இருந்தது. பத்து ஆண்டு காத்திருக்க வேண்டிய ஒயினை நான்கு மாதத்தில் கெடுத்துவிட்ட வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாம் படி: திறந்து வடித்தல்

இளம் ஷிராஸைத் திறந்து அகன்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றுப்பட வைத்தால் போதும். முதிர்ந்த பாட்டிலுக்குத்தான் கவனம் வேண்டும். சுவைப்பதற்கு ஒரு நாள் முன்பே அதை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் முழுவதும் அடியில் இறங்கட்டும். பழைய கார்க் எளிதில் பொடியும் என்பதால் திருகை நேராக, மெதுவாக இறக்குங்கள்.

சென்ற குளிர்காலத்தில் 2006 அறுவடையின் பாட்டில் ஒன்றை இப்படித் திறந்தேன். கார்க்கின் அடிப்பாதி கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. வெளியே இழுத்ததும் அதன் முனையில் சிறு பளிங்குத் துகள்கள் மின்னின. அவை ஒயினிலிருந்து உறைந்த டார்டரிக் அமில உப்பு மட்டுமே, உடலுக்குத் தீங்கில்லை. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, கையை ஆட்டாமல் ஒரே தாரையாகச் சாடியில் சாய்த்தேன். முக்கால் பாகத்துக்கு மேல் தெளிவாக இறங்கியது. அதன் பிறகு பாட்டிலின் தோள்பகுதியில் மெல்லிய புகை இழைபோல ஒரு கருமை நெளிந்து கழுத்தை நோக்கி ஊர்ந்து வந்தது. அந்த இழை கழுத்தை எட்டிய நொடியில் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். அடியில் தங்கும் இரண்டு மூன்று மிடறுகளை இழக்க மனம் வராவிட்டாலும், வண்டல் கலந்தால் வாயில் மணலும் கசப்புமாகி மொத்த உழைப்பும் வீணாகும்.

ஈரமான அட்டைப்பெட்டியின், அல்லது நனைந்து கிடந்த சாக்கின் வாடை அடித்தால், அது கார்க்கிலிருந்து வந்த கெடுதல். காற்றுப்பட்டாலும் அது நீங்காது. வாங்கிய கடையில் மாற்றிக் கேட்கலாம்.

நான்காம் படி: பார்த்து, முகர்ந்து, சுவைத்தல்

வாய் குவிந்த கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒயின் 16 முதல் 18 டிகிரியில் இருக்கட்டும். நம் ஊர் அறை வெப்பத்தில் ஒயினிலுள்ள சாராயத்தின் (ஆல்கஹாலின்) காரம்தான் முன்னால் வந்து நிற்கும்.

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைக் கவனியுங்கள். இளம் ஷிராஸ் நாவற்பழம் தின்ற நாக்கின் ஊதா நிறத்தில், விளிம்பு வரை அடர்ந்திருக்கும். எட்டு வயதில் ஊதா மறைந்து மாதுளைச் சிவப்பாகும். பதினைந்தில் விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறி, ஓரத்தில் வெளிறியிருக்கும்.

அடுத்து வாசனை. இளம் பரோசா ஷிராஸில் கரும்பழங்களும், அமெரிக்க ஓக் பீப்பாயில் இருந்திருந்தால் வெனிலாவும், தேங்காயை நினைவூட்டும் ஒரு மணமும் இருக்கும். முதிர்ந்ததில் உலர்ந்த அத்தி, அதிமதுரம், பதப்படுத்திய தோல், புகையிலை, மழை பெய்த மண் என்று வேறு குடும்பம் தலைகாட்டும். மிளகு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை முகரவே முடியாது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே மிளகு தெரியாதது பயிற்சிக் குறைவாகவே இருக்க வேண்டியதில்லை. மூக்கின் அமைப்பாகவும் இருக்கலாம். மிளகு குளிர்ச்சியான இடங்களின் ஷிராஸில்தான் தூக்கலாக இருக்கும் என்பதால், வெயிலில் பழுத்த பரோசாவில் அது அடங்கியிருப்பதும் இயல்பு.

இப்போது சுவை. ஒரு மிடறு எடுத்து, உதடுகளைக் குவித்துச் சிறிது காற்றை உள்ளிழுத்து, பத்து நொடி வாயில் சுழலவிட்டுத் துப்பிவிடுங்கள். 14.5 விழுக்காடு சாராயம் உள்ள 750 மில்லி பாட்டில் ஒன்றில், ஆஸ்திரேலியாவின் நியம அளவில் (ஒரு பங்கு என்பது 10 கிராம் சாராயம்) எட்டுக்கும் மேற்பட்ட மதுப் பங்குகள் இருக்கின்றன. அந்நாட்டு வழிகாட்டுதலோ வாரத்துக்கே பத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. மூன்று ஒயின்களை ஒப்பிட்டுக் கற்க விரும்புபவர் துப்பப் பழகுவது நல்லது. தொழில்முறைச் சுவைஞர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

துப்பிய பின் தேநீர்ப் பயிற்சியை நினைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இறுக்கம் எங்கே விழுகிறது? இளமையில் முன் ஈறுகளில் பாக்கு மென்றதுபோல் பற்றும். முதிர்ந்ததில் நாக்கின் நடுவில் பட்டுத் துணிபோல் பரவும். அது சொரசொரப்பா, மாவுபோல் மென்மையா? கடைசியாக, துவர்ப்பு முதலில் அடங்கிப் பழச்சுவை எஞ்சுகிறதா, பழச்சுவை முதலில் போய்த் துவர்ப்பு தனித்து நிற்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பழம் எஞ்சினால் அந்த ஒயினுக்கு இன்னும் ஆயுள் உண்டு. பழம் மறைந்து வெறும் துவர்ப்பும் புளிப்பும் நின்றால் அது இறங்கத் தொடங்கிவிட்டது. என் 2006 பாட்டில் முதல் கால் மணி நேரம் தூசு மணத்தோடு மூடிக்கிடந்து, பிறகு அத்தியும் அதிமதுரமுமாக மலர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் தளர்ந்துவிட்டது. முதிய ஒயினை வடித்த உடனே சுவைக்கத் தொடங்க வேண்டும் என்பதை அன்று நன்றாகக் கற்றேன்.

சுவைக்கும் இடைவெளிகளில் உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் போதும். மட்டன் சுக்காவோடு ஷிராஸ் அருந்த ஆசை வரும். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் மிளகாய்க் காரம் சாராயத்தின் எரிச்சலையும் துவர்ப்பின் முரட்டுத்தனத்தையும் தூக்கிக் காட்டும் என்பதால், கற்கும் நாளில் அதைத் தவிர்த்து, காரம் குறைத்துச் சுட்ட ஆட்டிறைச்சியோடு உணவைப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: குறிப்பேடு

ஒவ்வொரு கோப்பைக்கும் அறுவடை ஆண்டு, திறந்த தேதி, விளிம்பின் நிறம், மூன்று கேள்விகளுக்கான விடை ஆகியவற்றை எழுதுங்கள். உவமைகள் உங்கள் வாயில் பழகியவையாக இருக்கட்டும். பிளாக்பெர்ரியைச் சுவைத்தே அறியாதவர் அதை எழுதுவதைவிட, 'களாக்காய்போல் பற்றுகிறது' என்று எழுதினால் இரண்டு ஆண்டு கழித்துப் படிக்கும்போது அந்தச் சுவை வாய்க்குத் திரும்பும். ஆறு பாட்டில் வாங்கியவர்கள் மூன்றாவது கேள்வியின் விடையைப் பார்த்து அடுத்த தேதியை முடிவு செய்யலாம்: துவர்ப்பு இன்னும் முரடாகவும் பழம் மிகுதியாகவும் இருந்தால் மூன்று ஆண்டு, இரண்டும் சமமாகிவிட்டால் ஓராண்டு, பழம் பின்வாங்கினால் மிச்சமிருப்பவற்றை இந்த ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள். முடிவு செய்த தேதியைச் சிறு சீட்டில் எழுதி அடுத்த பாட்டிலின் கழுத்தில் கட்டி, மீண்டும் இருட்டில் படுக்கவையுங்கள்.