பழைய டிவி கேமுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்: டர்பன் சேகரிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் நம்மவர்கள் தங்கள் கராஜைச் சுத்தம் செய்யும்போது, துணி சுற்றிய ஒரு பழைய டிவி கேம் பெட்டி இன்றும் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான். ஆகையால் இங்குள்ள வீடுகளில் வீடியோ கேமின் வரலாறு சற்றுப் பிந்தியது; அதிலும் பெரும்பகுதி அசல் நின்டெண்டோ கருவிகளின் வரலாறு அன்று. ஜப்பானில் 1983-இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட, கோல்டன் சைனா போன்ற பெயர்களில் விற்ற நகல் கருவிகளே நம் வீடுகளை வந்தடைந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைப் போலி என்று ஒதுக்குவதுண்டு. என் கருத்து வேறு. நாம் விளையாடி வளர்ந்தது இவற்றில்தான் என்பதால், நம் சேகரிப்பு இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். விலை குறைவு, உள்ளமைப்பு எளிது, பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளவும் ஏற்றவை என்பது கூடுதல் நன்மை.

நான் முதலில் வாங்கிய டிவி கேம், வாங்கிய அன்றே கெட்டுப்போனது. வீட்டிலிருந்த வேறொரு கருவியின் அடாப்டர் அதன் துளையில் சரியாகப் பொருந்தியது. பொருந்தியதால் அதற்கு உரியதுதான் என்று எண்ணிச் சுவிட்சைப் போட்டேன். முப்பது ஆண்டுகள் தாங்கி வந்த பொருள் ஒரு நொடியில் போனது. எனவே இந்த வழிகாட்டியில் மின்சாரத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் அடாப்டர்

ஒரே அளவு முனை கொண்ட அடாப்டர்கள் ஒரே வகை மின்சாரத்தைத் தருவதில்லை. ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ். கருவிக்கு ஐரோப்பாவில் வந்த அசல் நின்டெண்டோ அடாப்டர் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைத் தரும். அதை நேர்மின்சாரமாக மாற்றும் பகுதி கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஃபேமிகாமுக்கும் அதன் நகல்களுக்கும் நேர்மின்சாரம் வேண்டும். என்.இ.எஸ். அடாப்டரை அவற்றில் செருகினால் உள்ளே மின்னைத் தேக்கும் சிறு உருளைகளான கெபாசிட்டர்களும் சில்லுகளும் சேதமடையலாம். சேகா மெகா டிரைவ் கருவியிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு. முதல் மாதிரியின் முனையில் நடுப்பகுதி எதிர்மின், வெளிப்பகுதி நேர்மின். இரண்டாம் மாதிரியில் இது தலைகீழ், முனையின் அளவும் வேறு.

ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன், மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வாங்குங்கள். மலிவானதே போதும். அதை நேர்மின்சாரத்தின் 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முள்ளை அடாப்டர் முனையின் நடுத்துளையிலும் கறுப்பு முள்ளை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி தோன்றினால் நடுப்பகுதி எதிர்மின் என்று பொருள். எண் ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்து, மாறுதிசை அளவுக்கு மாற்றியவுடன் பத்து வோல்ட் அளவில் காட்டினால், அது மாறுதிசை அடாப்டர். அதன் மேல் உடனே ஒரு துண்டுத் தாளை ஒட்டி எழுதி வையுங்கள். மின்மாற்றி கொண்ட பழைய 9 வோல்ட் அடாப்டர், கருவியோடு இணைக்காத நிலையில் 12 அல்லது 13 வோல்ட் காட்டுவதுண்டு. அது பழுது அன்று. சுமை ஏறியதும் அளவு இறங்கும். ஆயினும் கருவிக்குள் இருக்கும் 7805 என்ற ரெகுலேட்டர், மிகுதியான மின்னழுத்தத்தையெல்லாம் வெப்பமாக மாற்றித்தான் 5 வோல்ட்டைத் தருகிறது. எனவே அழுத்தம் சீராக்கப்பட்ட புதிய 9 வோல்ட் அடாப்டரை, முனையின் திசையைச் சரிபார்த்து, கருவியின் அடியில் எழுதியுள்ள மில்லிஆம்பியர் அளவுக்குக் குறையாததாகத் தேர்ந்து பயன்படுத்துவது நல்லது. மில்லிஆம்பியர் அளவு கூடுதலாக இருந்தால் கேடில்லை, வோல்ட் கூடினால்தான் கேடு.

ஜப்பானிலிருந்து வரவழைக்கும் கருவிகளின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. இங்குள்ள 230 வோல்ட்டில் அவற்றைச் செருகினால் எரிந்துபோகும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு துண்டு மின்னழுத்தத்தை மாற்றாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் சிக்கல் இல்லை: அங்கே பவர் பிளக் என்று சொல்லும் பெரிய மூன்று முள் பிளக்கையே இங்கும் காண்கிறோம், மின்னழுத்தமும் ஒன்றே.

அடாப்டர் சரி என்று தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம். திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பலகையில் பச்சை படிந்திருக்கிறதா, கரப்பான் குடியிருந்த தடயம் உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் கவனியுங்கள். டர்பனின் வெப்பத்தில் கரப்பான் இத்தகைய பெட்டிகளை விரும்பித் தேடி வரும். அதன் எச்சம் செம்புத் தடங்களை அரித்துவிடும். பல் துலக்கும் பழைய பிரஷையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலையும் கொண்டு தேய்த்து, ஒரு நாள் உலர விடுங்கள். அதன் பின் கேசட் இல்லாமல் சுவிட்சைப் போட்டு, 7805-இன் வெளியீட்டு முனையில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேசட்டைச் செருக வேண்டும்.

படம் வருகிறது, ஒலி வரவில்லை

இந்தக் குறையைச் சொல்லிப் பலர் கருவியையே தூக்கி எறிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுதே இருக்காது. தென்னாப்பிரிக்காவின் பழைய தொலைக்காட்சிகள் பால்-ஐ (PAL-I) என்ற முறையைச் சேர்ந்தவை. அதில் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ். பிரிட்டனும் ஹாங்காங்கும் இதே முறையைப் பின்பற்றின. இந்தியாவில் அந்த இடைவெளி 5.5, சீனப் பெருநிலத்தில் 6.5. ஆகையால் சென்னையிலிருந்து மாமா கொண்டுவந்த டிவி கேமை ஆன்டெனா துளை வழியாக இணைத்தால், படம் தெளிவாக வந்து, ஒலிக்குப் பதில் இரைச்சல் மட்டும் கேட்கும். பெட்டியின் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் அல்லது சிவப்புமான ஏவி (படம், ஒலி) துளைகள் இருந்தால் அவற்றின் வழியே இணையுங்கள். அந்தப் பாதையில் இந்த வேறுபாடு குறுக்கிடாது. ஏவி துளை இல்லாத கருவியில் அதைச் சேர்ப்பது சால்டரிங் பழகியவருக்கு ஒரு மாலை நேர வேலை. ஜப்பானின் முதல் ஃபேமிகாமுக்கு ஆன்டெனா இணைப்பு மட்டுமே உண்டு, அதன் அலைவரிசையும் வண்ணமுறையும் நம் தொலைக்காட்சிகளுக்குப் பொருந்தா. எனவே ஏவி வசதி செய்யப்பட்டதை, அல்லது ஏவி துளையோடு 1993-இல் வந்த பிந்தைய மாதிரியை வாங்குங்கள். அப்போதும் தொலைக்காட்சி ஜப்பானின் வண்ணமுறையான என்.டி.எஸ்.சி.யை ஏற்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, படக்குழாய் கொண்ட பழைய பெட்டியையே நான் பரிந்துரைப்பேன். 51 அல்லது 54 சென்டிமீட்டர் பெட்டி போதும். 74 சென்டிமீட்டர் பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். பலர் அவற்றை இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். துப்பாக்கியால் வாத்துகளைச் சுடும் விளையாட்டு படக்குழாயில் மட்டுமே வேலை செய்யும். விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகிறது. அந்த ஒளியைத் துப்பாக்கியின் கண் உடனே காண வேண்டும். தட்டைத் திரை படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் சுட்டது பிழையாகிவிடுகிறது. தட்டைத் திரைதான் இருக்கிறது என்றால், மலிவான ஏவி மாற்றிகளைத் தவிர்த்து, பழைய கருவிகளுக்கென்றே செய்யப்பட்ட ரெட்ரோடிங்க் போன்றதற்குப் பணம் சேர்த்து வாங்குவது மேல். மலிவானவை பழைய கருவியின் 240 வரிப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கலங்கலாக்கிவிடும். ஓர் எச்சரிக்கை: படக்குழாய்ப் பெட்டியின் பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கலாம்.

இங்குள்ள தொலைக்காட்சி முறை நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கிறது, ஜப்பானிய முறை ஏறத்தாழ 60 முறை. இதனால் 1991-இல் வந்த சோனிக் விளையாட்டு நம் மெகா டிரைவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, இசையும் மெதுவாகவே ஒலித்தது. இன்று வேகத்தைச் சரிசெய்யும் வழிகள் உள்ளன. ஆனால் என் காதுக்கு அந்த மெதுவான இசைதான் உரியது. அதை மாற்றாமல் ஒரு கருவியை அப்படியே வைத்திருக்கிறேன்.

கேசட்டும் கைக்கருவியும்

கேசட்டை வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் முனைகளை நாளடைவில் அரிக்கும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, அழுக்கு வராத வரை துடைத்தால் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது. முனையின் தங்கப்பூச்சு மிக மெல்லியது. நம் டிவி கேம்களின் கேசட்டுக்கு 60 முனைகள், அசல் என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 முனைகள். இடைநிலை அட்டை இல்லாமல் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டில் சில ஆட்டங்களே பெயரும் தொடக்க நிலையும் மாறித் திரும்பத் திரும்ப வரும். அதை அறிந்து, அதற்கேற்ற விலை மட்டும் கொடுங்கள்.

மின்வெட்டு நேரங்களில், கையில் பிடித்து விளையாடும் கைக்கருவியைவிட நல்ல துணை இல்லை. 1989-இல் வந்த கேம் பாய், நான்கு சிறிய ஏஏ பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது கசிந்த பேட்டரியின் காரம். வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நீங்கும், அதன் பின் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். உலோகத் தகடு முழுவதும் அரித்துப் போயிருந்தால் புதிய தகடு தேவைப்படும். திரையில் சில செங்குத்துக் கோடுகள் மட்டும் தெரியாமல் இருப்பது பழைய கேம் பாய்க்கு உரிய நோய். திரையின் அடியிலுள்ள நாடாவின் இணைப்பை, சூட்டைக் குறைத்து வைத்த சால்டரிங் கோலால் மெல்ல வருடினால் கோடுகள் திரும்பி வருகின்றன. ஆகையால் கோடு விழுந்த கருவி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். சேகாவின் கேம் கியர் அப்படியன்று; அதன் கெபாசிட்டர்கள் கசிவது ஏறத்தாழ உறுதி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். முதல் கருவியாக அதை எடுக்காதீர்கள். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. வாங்கினால் அதன் உள் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

விளையாட்டைச் சேமிக்கும் கேசட்டுகள் பலவற்றுள் 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் சேமித்தவை அழியும். கடிகாரம் ஓடும் போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் அது விரைவில் தீர்கிறது. கேசட்டின் தனிவகைத் திருகுக்கென்றே உள்ள 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளியால் திறந்து, பேட்டரியின் மேல் எழுதியுள்ள எண்ணைப் பார்த்து, தகடு பற்றவைத்து விற்கப்படும் அதே எண்ணுள்ள பேட்டரியைச் சால்டர் செய்யுங்கள். நாடாவால் ஒட்டி வைத்தால் நீடிக்காது. திறக்கும்போதே அசலா என்பதும் தெரிந்துவிடும்: அசல் பலகையில் நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும், போலியில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று சில்லை மூடியிருக்கும்.

பிளேஸ்டேஷன் பற்றிச் சுருக்கமாக. முதல் மாதிரிகளில் லேசர் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்வதால்தான் அக்காலத்தில் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடினோம். அப்படிக் கவிழ்த்தால் மட்டுமே ஓடுகிறது என்று விற்பவர் சொன்னால், லேசர் பகுதியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேமிப்பு கெடும், சிறிய யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் இந்தக் கவலை இல்லை. மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் துள்ளுவதுண்டு. மின்வெட்டு அறிவிக்கப்பட்டால் அட்டவணையைப் பார்த்து முன்னதாகவே எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவதை வீட்டுப் பழக்கமாக்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், பொருளைப் பொறுத்துச் சுங்கமும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். உள்ளூரில் அடகுக் கடைகளும் பாப் ஷாப், கம்ட்ரீ தளங்களும் உள்ளன. ஆனால் எனக்கு நல்லவை கிடைத்தது உறவினர் வீடுகளில்தான். கல்யாணத்திலோ காவடித் திருவிழாவிலோ பெரியவர்களைச் சந்திக்கும்போது, "ஆன்ட்டி, அண்ணன் விளையாடிய டிவி கேம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பவரிடம் அடாப்டரையும் சேர்த்துக் கேட்க மறவாதீர்கள்.

எடுத்து வைக்கும்போது எல்லாக் கைக்கருவிகளிலிருந்தும் ஏஏ பேட்டரிகளை அகற்றிவிடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நம் ஊரில் ஈரப்பதம் அதிகம், கடற்காற்றில் உப்பும் உண்டு. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறியதும் அவற்றை ஓவனில் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு அடாப்டரையும் அதற்குரிய கருவியோடு நூலால் கட்டி, வோல்ட், முனையின் திசை, கருவியின் பெயர் மூன்றையும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.