பாதிக்கப்பட்ட சிறுமிக்குத் துணை நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு உதவப் போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் போனதும், "என்னம்மா நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அம்மா கேட்டிருப்பார், டீச்சர் கேட்டிருப்பார். இனி போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட் எல்லோரும் கேட்கப்போகிறார்கள். நடுவில் நாமும் கேட்டு அவளை வதைக்க வேண்டாம். சொல்லச் சொல்ல வார்த்தைகள் முன்பின் மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அவளாகச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "மாமா விளையாட்டுன்னு சொல்லி கூட்டிட்டுப் போனாரு" என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "ஏன் கத்தவில்லை?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு மரத்துப்போகும், குரல் எழும்பாது.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வதும் தவறு. 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும். யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.

வீட்டில் பதறிப்போய்க் குளிப்பாட்டி, துணியையும் துவைத்துவிடுவார்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எஃப்ஐஆர் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பிறப்புறுப்பில் விரலை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது முயன்றால் தடுத்துவிடுங்கள்.

வாக்குமூலம் கொடுக்க அவளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, போலீசார் சீருடை இல்லாமல் வந்துதான் பதிவு செய்ய வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். சின்ன ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும்? சட்டப்படியும் குற்றம்.

எஃப்ஐஆர் பதிவானதும் பலர் விலகிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே அவளைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போய் அறையைக் காட்டுங்கள். குற்றம்சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரை கேளுங்கள். அப்புறம், வழக்கு நடக்கும்போதே தரப்படும் இடைக்கால நிவாரணத் தொகைக்குத் தீர்ப்பு வரவேண்டும் என்றில்லை. எஃப்ஐஆர் பதிவானதுமே சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம்.