ராக் பாடலை ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவரும் முறை

ஆங்கில ராக் பாடலை ஐரிஷ் மொழியில் எழுத உட்காருபவர் முதலில் அகராதியைத் திறக்கக் கூடாது. பாடலைப் பலமுறை கேட்டு, ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசைகள் (இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே கணக்கு) வருகின்றன, தாளம் எந்த அசையில் விழுகிறது, உச்சத்தில் பாடகர் எந்த உயிரெழுத்தை நீட்டுகிறார் என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பொருளைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

‘ஐ லவ் யூ’ மூன்று அசை. பாடப்புத்தகம் கற்பிக்கும் ‘தா க்ரா அகம் திட்’ ஐந்து அசை. ‘உனக்கு என்னிடம் அன்பு இருக்கிறது’ என்பது அதன் நேர்ப்பொருள். உடைமைக்குத் தனி வினை இல்லாத இந்த அமைப்பு தமிழருக்குப் புதிதல்ல. பாட்டுக்கு உகந்தது ‘ம க்ரா ஹூ’, அதாவது ‘நீ என் அன்பு’. அதுவும் மூன்று அசைதான், ‘யூ’வில் நீண்ட ஊகாரமும் அதே இடத்தில் கிடைத்துவிடும். ‘பேபி’க்குக் குழந்தை என்னும் சொல்லைத் தேடாமல், செல்வமே என்று பொருள்படும் ‘அ ஸ்தோர்’ என்பதைப் போடலாம். ஆனால் அதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குரியது; ஆகவே விளியைத் தாளத்துக்குச் சற்று முன்பே எடுக்க வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது குறில் நெடிலில். ‘பிரிஷ்டெ’ என்றால் உடைந்தது, ‘பிரீஷ்டெ’ என்றால் கால்சட்டை. காதல் தோல்விப் பாடலின் உச்சத்தில் முதல் அசையை நீட்டினால், உடைந்த இதயம் கால்சட்டையாகிவிடும்! நீட்ட வேண்டிய இடத்தில் இயல்பாகவே நெடில் உள்ள சொல்லை வைப்பதே வழி. எழுத்தைப் பார்த்து அசை எண்ணுவதும் ஏமாற்றும்: ‘என்மேல்’ என்பதற்கான சொல் எழுத்தில் ஓரசை போலத் தோன்றினாலும், வாயில் ‘ஒரம்’ என்று ஈரசையாகவே வரும். டியாங்லன் இணைய அகராதியில் பல சொற்களுக்கு மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர் ஆகிய மூன்று வட்டார வழக்குகளின் ஒலிப்பைக் கேட்கலாம். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பாடல் முழுவதும் அதிலேயே நிற்பது நல்லது.

இயைபுக்காக அதிகம் அலைய வேண்டியதில்லை. ஐரிஷ் பாட்டு மரபில் அழுத்தம் பெறும் உயிரொலி ஒத்தாலே போதும். பகலைக் குறிக்கும் ‘லா’வும் வெண்மையைக் குறிக்கும் ‘பான்’ என்பதும் அங்கே இணை சேரும். ‘யே, யே’ என்னும் கூவல்களை அப்படியே விட்டுவிடலாம், ஏனெனில் ‘ஆம்’ என்பதற்கு அம்மொழியில் ஒற்றைச் சொல்லே கிடையாது.

மொழிபெயர்ப்பும் தழுவலாகவே கருதப்படுவதால், வெளியிடுமுன் உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும். அதற்கும் முன்பு, ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவருக்கு, வரிகளைக் காட்டாமல் பாடிக்காட்டி, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அவர் தடுமாறும் அடிகளைத்தான் திருத்தி எழுத வேண்டும்.