சாரதிகளின் களைப்பு: விழிப்புணர்வுத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவு பஸ்கள் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. உடலின் விழிப்பு இயல்பாகவே தாழும் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரையான நேரத்தையும் அவற்றின் சாரதிகள் வீதியிலேயே கடக்க வேண்டியுள்ளது. இவர்களுக்குக் களைப்பின் ஆபத்தை உணர்த்த அரச நிறுவனங்களும் தனியாரும் கைகோப்பது நல்லதே; ஆயினும் அம்முயற்சியைப் பயனற்றதாக்கும் தவறுகள் சில உண்டு.

முதன்மையானது, களைப்பைச் சாரதியின் அறியாமையாகக் கொள்வது. கண் அசருவது ஆபத்தென்று எந்தச் சாரதிக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கொழும்பை அடைந்தவர் அன்றிரவே திரும்ப வேண்டுமென நேர அட்டவணை இருந்து, ஊதியமும் பயணக் கணக்கில் கிடைக்குமானால், எத்தனை கருத்தரங்குகள் நடத்தினாலும் அவருக்கு உறக்கம் கூடப்போவதில்லை. எனவே, பங்காளிகளாகும் பஸ் உரிமையாளர்கள் பதாகைச் செலவை ஏற்பதோடு நில்லாமல், இரண்டாவது சாரதி, பயணங்களுக்கிடையே போதிய ஓய்வு, பகலில் படுக்கத் தகுந்த இடம் ஆகியவற்றுக்கு எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். மாகாணங்களுக்கிடையிலான வழித்தட அனுமதியை வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இவற்றை அனுமதி நிபந்தனைகளாக்குவது, நூறு துண்டுப்பிரசுரங்களை விட மேலானது.

கருத்தரங்கைக் காலை 9 மணிக்கு வைப்பது இன்னொரு தவறு. இரவெல்லாம் ஓட்டி வந்தவரின் உறக்க நேரம் அதுதான். ரமழான் நோன்பு மாதத்தில், விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவுக்காக உறக்கம் இரண்டாக உடைவதையும் ஏற்பாட்டாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊக்கப் பானம் விற்கும் நிறுவனத்தை அனுசரணையாளராகச் சேர்ப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. அப்பானத்திலுள்ள கஃபீன் வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரமாகும். அதுவும் உறக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர ஈடுசெய்யாது. யன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் அதைவிடக் குறைந்த பலனே தரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி கண் அயர்ந்தால், வாகனம் 65 மீற்றருக்கு மேல் பார்ப்பாரின்றி ஓடிவிடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் உறங்குவதையே முதலில் கற்பிக்க வேண்டும். அத்தாமதத்துக்காகச் சாரதியைக் கடிந்துகொள்ளலாகாது என்பதை உரிமையாளருக்கும் பயணிகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வந்தவர்களின் தலையை எண்ணி வெற்றியை அறிவிப்பதும் பரவலான வழக்கம். எண்ண வேண்டியவை, ஒவ்வொரு சாரதிக்கும் இரு பயணங்களுக்கிடையே கிடைத்த ஓய்வு மணிகளும், தூக்கம் வந்ததென்று தாமாகவே முன்வந்து சொன்னவர்களின் தொகையுமாகும். அப்படிச் சொன்னவருக்கு மறுநாள் வேலை மறுக்கப்பட்டால், அதன்பின் எவரும் வாய் திறக்கமாட்டார். ஆகையால் அவருக்கான பாதுகாப்பு, பங்காளிகள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.